கொடிக்கால் வெற்றிலையும் என் சுண்டுவிரலும்

தாயி,

உன் பெட்டியோடு மூன்று நாளாக வீட்டில் ஒரு சண்டை நடக்கிறது. உன் அம்மா பருப்புப் பொடியையும் ஊறுகாயையும் உள்ளே திணிக்கிறாள், நீ வெளியே எடுத்து வைக்கிறாய், நீ அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் மறுபடி திணிக்கிறாள். நான் அதில் தலையிடவில்லை, என் பாடு எனக்கு. நாளை மறுநாள் நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறப்போகிறாய். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரில் எவனையும் நடுரோட்டில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கிற ஆள் நான். பெற்ற மகள் முன்னால் நின்றால் மட்டும் வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் இடது காலைத்தான் பார்க்கிறாய். சுண்டுவிரல் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் "சாப்ட்டீகளாப்பா?" என்று கேட்கிறாய். அந்த விரல் உன்னால் போனது என்று இத்தனை நாளாக மனதுக்குள் வைத்துக் குமைந்துகொண்டிருக்கிறாய். எனக்கு அது தெரியும். அந்தப் பாரத்தோடு நீ விமானம் ஏறக் கூடாது. இந்தக் கடிதம் அதற்காகத்தான். இதை ஏன் ஊரே படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று நீ கோபப்படலாம். ஆஸ்பத்திரி வார்டில் ஊருக்கே கேட்கிற மாதிரிதானே உன்னைத் திட்டினேன்? அப்போது கேட்ட காதுகள் எல்லாம் இதையும் கேட்கட்டும்.

முதலிலிருந்தே வருகிறேன். எனக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. காலில் உணர்ச்சி குறைந்துகொண்டு வருகிறது, முள் குத்தினால்கூடத் தெரியாது, அதனால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே நீ மதுரைக்குப் போய், சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற அடி வைத்துச் செய்கிற செருப்பு ஒன்றை வாங்கி வந்தாய். "கொடிக்காலுக்குள்ளயும் இதைப் போட்டுக்கிட்டுத்தேன் போகணும், என் மேல சத்தியம் பண்ணுங்க" என்றாய். நானும் பண்ணினேன். நம் சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் எவனும் செருப்புக் காலோடு போகமாட்டான் என்பது உனக்குத் தெரியாததல்ல. அது எங்களுக்குச் சாமி இருக்கிற இடம். செருப்பை வாசல் படலில் மாட்டிவிட்டு உள்ளே போவதுதான் என் கால் பழகிய பழக்கம். நீ வாங்கித் தந்த செருப்பும் தினமும் அந்தப் படலில்தான் தொங்கியது. நீ வருகிறாய் என்று தெரிந்தால் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வேன். என் முதல் பொய் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாவது பொய்யை நீ நேரிலேயே கேட்டாய். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை வந்து, "அப்பா, எனக்கு நம்ம இலை வேணும். ஆனா மருந்து அடிக்காத இலையா இருக்கணும். புள்ளி விழுந்திருந்தாலும் பரவாயில்ல" என்றாய். எதற்கு என்று கேட்டேன். இலையை நறுக்கி வேகவைத்து, அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் விட்டால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் உண்டாகும், அதைத் துணியில் ஏற்றி ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட முடியுமா என்று பார்க்கப்போகிறேன் என்றாய். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. என் மகள் என் இலையில் மருந்து கண்டுபிடிக்கப்போகிறாள்! மறுநாளே வெற்றிலை மார்க்கெட்டில் போய், "என் மக வெத்தலையில வெள்ளி எடுக்குறா" என்று பீற்றிக்கொண்டேன். இரண்டு பேர் என்னைத் தனியாக ஓரங்கட்டி, "ஒரு கவுளிக்கு எம்புட்டு வெள்ளி தேறும்ணே?" என்று கேட்டதும், நூறு இலை கொண்ட கவுளிக்கு ஒரு கொலுசாவது தேறும் என்று நான் அளந்துவிட்டதும் தனிக்கதை.

மருந்து அடிக்காத இலை என்று கேட்டாய் அல்லவா? அந்தப் பருவத்தில் அழுகல் நோய் வந்துவிடும் என்று பயந்து, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து எல்லா வரிசைக்கும் அடித்திருந்தேன். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு நாலு கொடி விட்டுப்போயிருந்தது. போய்ப் பார்த்தால் அந்த இலைகள் மஞ்சளும் புள்ளியுமாகக் கிடந்தன. எனக்கு மனசு வரவில்லை தாயி. படித்த பிள்ளைகள் நாலு பேர் கூடுகிற இடத்தில் என் கொடிக்கால் இலை சொத்தையாகப் போய் நிற்பதா? அடித்த வரிசையில் போய், உள்ளங்கை அகலத்துக்குத் தளதளவென்று இருந்த இலையாகப் பார்த்துப் பறித்து, தொட்டித் தண்ணீரில் மூன்று தடவை அலசித் துடைத்து, வாழைச்சருகில் கட்டித் தந்தேன். "மருந்து அடிச்சீகளாப்பா?" என்று கேட்டாய். "இல்ல தாயி" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

கொஞ்ச நாளில் நீ என்னை உன் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போனாய். அந்த நாளை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். கண்ணாடிக் குடுவையில் வெளிர் மஞ்சளாக இருந்த இலைச்சாற்றில் நீ எதையோ விட்டாய். நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது காப்பித் தண்ணீர் நிறத்துக்கு மாறியது. "இந்தப் பழுப்புதேன்பா வெள்ளி. ஒரு தலைமுடியை நெடுக ஆயிரம் கூறா வகுந்தா ஒரு கூறு எம்புட்டு இருக்கும்? அதைவிடச் சின்னது. அம்புட்டுச் சின்னதாகிட்டா வெள்ளியோட நிறமும் மாறிரும், குணமும் மாறிரும்" என்றாய். புற்றுநோய்க்கும் இந்த வழியில் மருந்து உண்டா என்று கேட்டேன், உன் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு. நீ கொடிக்காலை வைத்தே எனக்குப் புரியவைத்தாய். "வழக்கமா குடுக்கற மருந்து வயலுக்குத் தண்ணி பாய்ச்சற மாதிரிப்பா, பயிரும் குடிக்கும், களையும் குடிக்கும். அதுலதேன் பெரியம்மாவுக்கு முடியெல்லாம் கொட்டுச்சு. நீங்க குடத்துல மோந்து அந்தந்தக் கொடி மூட்டுல ஊத்துறீகள்ல? அது மாதிரி, கட்டி இருக்கற இடத்துக்கு மருந்தைச் சொமந்துக்கிட்டுப் போற துகள் செய்யறாக. சிலது இப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்துருச்சு." அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம் கேட்காமலேயே இதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த மனிதர் சமயநல்லூரில் இறங்க வேண்டியவர், நான் விடாததால் தேனூர் வரைக்கும் வந்துவிட்டார்.

வட்டமான தட்டு ஒன்றையும் நீ காட்டினாய். சர்க்கரைப் புண்ணில் இருக்கிற கிருமியை அதில் கஞ்சி ஆடை போலப் படர விட்டிருந்தாய். நடுவில் உன் மருந்து தோய்த்த ஒரு சின்ன வில்லை. அதைச் சுற்றிக் கிருமி செத்து, பளிங்கு மாதிரி ஒரு வளையம். "இம்புட்டுப் பெரிய வளையம் இதுவரைக்கும் எங்க கூடத்துல யாருக்கும் வந்ததில்லப்பா" என்றபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் பிறந்தேன் என்று நினைத்தேன். உனக்கு வழிகாட்டுகிற பேராசிரியை அம்மாவும் வந்து, "உங்க பொண்ணு கெட்டிக்காரி, கட்டுரை எழுத ஆரம்பிச்சாச்சு" என்று சொன்னார். நான் வாழைச்சருகுப் பொட்டலத்தை ஒரு விநாடி நினைத்தேன். மூன்று தடவை அலசினோமே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அப்புறம்தான் கால். கொடிக்காலில் வெற்றிலை படர நட்ட அகத்தியில் கிளை கழித்தபோது, ஒரு சிம்பு, கூரான குச்சித் துண்டு, சுண்டுவிரலுக்கு அடியில் ஏறிவிட்டது. நீயும் உன் அம்மாவும் என்னை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது விரல் கறுத்திருந்தது. "எப்ப குத்துச்சுப்பா?" என்று கேட்டாய். "முந்தாநேத்து" என்றேன். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், நீ ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்விட்டு நேராக வார்டுக்கு வந்தாய். உன் மருந்து ஏற்றிய துணி வேறொரு சோதனைக்குப் போவதற்காக உன் பைக்குள் இருந்தது.

"அது பையில இருக்கா?" என்றேன்.

"இருக்குப்பா."

"எடுத்துக் கட்டு."

"மாட்டேன்பா. இது தட்டுல இருக்கற கிருமியைத்தேன் கொன்னிருக்கு. மனுசன் காயத்துக்குள்ள போனா என்ன செய்யும், ரத்தத்துல கலந்து ஈரலுக்குப் போகுமா, எங்கனயாச்சும் போய்த் தங்கிருமா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரியாததை உங்க கால்ல கட்டமாட்டேன்."

"நான் உன் அப்பன்டீ!"

"நீங்க என் அப்பாங்கறதாலதேன் கட்டிறலாம்னு தோணுது. அதனாலயே கட்டக் கூடாது."

சொல்லும்போதே உன் கை பையின் வாயைத் திறந்து திறந்து மூடியது. அது என் கண்ணில் பட்டது, ஆனாலும் நான் விடவில்லை. எழுந்து உட்கார்ந்து, "ஊரான் காலுக்கெல்லாம் மருந்து கண்டுபிடிக்கிறாளாம், பெத்த அப்பன் கால் அழுகுது, ஒரு துணி கட்ட மாட்டேங்கிறா! இவளைப் படிக்க வச்ச என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் மருமகள் உன்னை ஒரு பார்வை பார்த்தாள். நீ பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாய். விரலை எடுத்தார்கள். ஒரு மாதம் நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் எல்லாம் அதே பாட்டைத்தான் பாடினேன். "வாயைக் கொஞ்சம் மூடுறீகளா, அவளும் மனுசிதேன்" என்று உன் அம்மா அதட்டியும் நான் கேட்கவில்லை.

நான் படுக்கையில் கிடந்ததால் உனக்கு அடுத்த தடவை இலை பறித்துத் தந்தது உன் அம்மா. வீட்டுக் கிணற்றடியில் தானாகப் படர்ந்து கிடக்கிற கொடி, அதற்கு நான் எந்த மருந்தும் அடித்ததில்லை. அந்த இலைக்கு வளையம் பாதிகூட வரவில்லை. வேறு யாராவது என்றால் இலை சரியில்லை என்று தூக்கி எறிந்துவிட்டு, நல்ல வளையம் தந்த இலையைத் தேடிப் போயிருப்பார்கள். நீ நல்ல வளையத்தைத்தான் சந்தேகப்பட்டாய். இரண்டு இலையையும் ஏதோ ஒரு இயந்திரத்தில் வைத்துப் பார்த்தாய். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வந்து, என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா, மருந்து அடிச்சீகளா?" என்று அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாய்.

நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். "ஒரே ஒரு தடவைதேன் தாயி. துத்தமும் சுண்ணாம்பும். நல்லா அலசித்தேன் குடுத்தேன்" என்றேன்.

"துத்தத்துல செம்பு இருக்குப்பா. செம்பும் கிருமியைக் கொல்லும். அந்த வளையத்துல எது வெள்ளி செஞ்ச வேலை, எது செம்பு செஞ்ச வேலைனு இப்ப யாராலயும் சொல்ல முடியாது." அவ்வளவுதான் சொன்னாய். கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ நோட்டைத் திறந்து, எந்த மாதம் அடித்தேன், எவ்வளவு கரைத்தேன் என்று என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாய். எட்டு மாத வேலை அந்த நோட்டில் இருந்தது. "அந்தப் பக்கங்களைக் கிழிச்சுரு தாயி, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "கிழிக்கக் கூடாதுப்பா. அழிக்கவும் கூடாது. தப்பு மேல ஒரே ஒரு சிவப்புக் கோடு, கீழ என்ன எழுதியிருந்துச்சுனு தெரியணும். மேல சரியானதை எழுதணும். திருத்துன ஆள் பக்கத்துலயே கையெழுத்துப் போடணும். இதுதேன் எங்க வழக்கம்" என்றாய். 'மருந்து அடிக்காத இலை' என்று எழுதியிருந்த இடத்தில் கோடு போட்டு, 'மயில்துத்தம் அடித்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். பொய் சொன்னது நான், திருத்தியது நீ.

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வார்டில் நான் கட்டு கட்டு என்று அடம்பிடித்தது அதே துணியைத்தானே? அதில் இருந்தது என்னவென்று அன்றைக்கு உனக்கே தெரியாது. அப்பன் என்கிற பாசத்தில் நீ ஒரு நிமிடம் இளகியிருந்தால், என்னவென்று தெரியாத ஒன்றை என் திறந்த புண்ணில் வைத்துக் கட்டியிருப்பாய். நீ அசையவில்லை. நான் உன்னை நெஞ்சழுத்தக்காரி என்றேன். அந்த அழுத்தம்தான் நாளைக்கு யார் யார் காலையோ காப்பாற்றப்போகிறது. இவ்வளவு பெரிய மனசு உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை, அது நிச்சயம்.

மறுநாளே பேராசிரியை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை நிறுத்தினாய். கூடப் படிக்கிறவர்கள் "உனக்கென்ன பைத்தியமா?" என்றார்களாம். நானும் என்னால் ஆனதைச் செய்தேன். கிழக்கு ஓரம் ஒரு வரிசை முழுவதையும் உனக்கென்று ஒதுக்கி, சிவப்புத் துணி கட்டி, எதையும் அடிக்காமல் விட்டேன். பாதிக் கொடி அழுகிப்போனது. மார்க்கெட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மிஞ்சிய புள்ளி இலையைப் பறித்து, பறித்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, சீட்டையும் சேர்த்துக் கட்டித் தந்தேன். ஒன்றரை வருடம் மறுபடி முதலிலிருந்து செய்தாய். கடைசியில் ஒருநாள் போன் பண்ணி, "சின்ன வளையம்தேன்பா. ஆனா எத்தன தடவ செஞ்சாலும் அதே சின்ன வளையம்" என்றாய். அந்தப் பெரிய வளையத்தைக் காட்டிய நாளைவிட அன்றைக்குத்தான் உன் குரலில் சந்தோஷம் கூடுதலாக இருந்தது. இப்போது, புண் ஆறின பிறகு அந்தத் துகள் உடம்பில் எங்கே போகிறது, தங்குகிறதா, வெளியேறுகிறதா என்று பார்க்கத்தான் ஜெர்மனிக்குப் போகிறாய். இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ, உன் கட்டு ஒரு மனிதன் காலுக்கு வருகிற வரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசரப்படாதே. உனக்குப் பிடித்தவன் கொண்டுவந்து தருகிற நல்ல சேதியை மட்டும் இரண்டு தடவை சோதித்துப் பார். பெற்ற அப்பன் தந்தாலும் சரி.

இனிமேல் சொல்லப்போவதுதான் நேரில் வாய் வராத விஷயம். நேற்று உன் பெட்டியில் எடை அதிகம் என்று உன் அம்மா நோட்டுகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். அந்தப் பழைய நோட்டை நான் சும்மா புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தில் ஒரே ஒரு வரி. 'அப்பா காயம், இரண்டாம் நாள். கட்டியிருந்தால்?' தேதி போட்டிருக்கிறாய், நான் வார்டில் கத்திய தேதி. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இத்தனை வருடமாக இந்தக் கேள்வியையா தாயி சுமந்துகொண்டு திரிகிறாய்?

சிம்பு முந்தாநாள் குத்தவில்லை. பதினேழு நாளைக்கு முன்னாலேயே குத்திவிட்டது. வலி தெரியவில்லை, சாயங்காலம் தொட்டியில் காலை விட்டபோது ரத்தத்தைப் பார்த்தேன். சொன்னால் "செருப்பு எங்க?" என்று நீ கேட்பாய். செருப்பு படலில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் மேல் சத்தியம் பண்ணின ஆள் என்ன பதில் சொல்வது? மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றி, வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு பதினேழு நாள் வேலை பார்த்தேன். நீ வார்டுக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் என்னிடம், "உண்மையைச் சொல்லுங்க, எத்தன நாளாச்சு?" என்று கேட்டார். அவரிடம் சொன்னேன். "இம்புட்டு நாள் எங்கய்யா இருந்தீரு? எலும்பு வரைக்கும் போயிருச்சு. இனி மேல என்னத்தக் கட்டினாலும் இந்த விரல் நிக்காது" என்றார். என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். எந்தத் துணியும் காப்பாற்றாது என்று தெரிந்துகொண்டேதான் உன்னைக் கட்டச் சொன்னேன். தெரிந்துகொண்டேதான் கத்தினேன். என் தப்பு வெளியே வருவதற்குள் பழியை உன் தலையில் தூக்கி வைத்தேன். இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை நான் என் ஆயுசில் செய்ததில்லை. என்னை மன்னித்துவிடு தாயி.

இப்போது கொடிக்காலுக்குள்ளும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் போகிறேன். பெரிய ஆட்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளித்துக்கொள்ளட்டும். சாமி என் மற்ற ஒன்பது விரலையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது, அது ஒன்றும் சொல்லவில்லை.

ஊறுகாயை எடுத்துவிட்டு அந்த நோட்டை மறுபடி பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், உன் அம்மாவுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார். நான் கிழிக்கவில்லை, அழிக்கவும் இல்லை. 'இரண்டாம் நாள்' என்பதன் மேல் ஒரே ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், கீழே நீ எழுதியது தெரியும். அதற்கு மேலே 'பதினேழாம் நாள்' என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் திருத்திய ஆளின் கையெழுத்து இருக்கிறது. கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் என்னுடையதுதான்.

உன் அப்பா